வெட்கம் எங்கிருந்து வருகிறது?

வில்லியம் ஸ்டைரனின் ‘டார்க்னஸ் விசிபிள்’ (1990) நூறு பக்கத்துக்குள் முடிந்துவிடும் சின்னப் புத்தகம். 1985இல், அறுபது வயதில் தன்னைப் பீடித்த மனச்சோர்வைப் பற்றி அந்த அமெரிக்க நாவலாசிரியர் எழுதியது. இதைத் துணிச்சலான வாக்குமூலம் என்று பாராட்டுவார்கள். எனக்கு அந்தப் பாராட்டு ஒட்டவில்லை. வாக்குமூலம் என்றால் குற்றம் ஒன்று இருக்க வேண்டுமே?

வெட்கத்தை உதறு என்று ஸ்டைரன் உபதேசம் செய்வதில்லை. அது எங்கிருந்து வருகிறது என்று காட்டுகிறார். அவருடைய மனநல மருத்துவரே, ஆஸ்பத்திரியில் சேருவதை எப்பாடுபட்டாவது தவிர்க்கச் சொல்கிறார். காரணம், பெயர் கெட்டுவிடுமாம். கடைசியில் ஸ்டைரனைப் பிழைக்கவைத்தது ஆஸ்பத்திரியில் கழித்த அந்த ஏழு வாரங்கள்தான். ‘நாலு பேர் என்ன சொல்லுவாங்க’ என்பது நம் வீட்டு வசனம் மட்டும் இல்லை போல.

அடுத்தது, வார்த்தை. பொருளாதாரச் சரிவுக்கும் தரையில் விழுந்த பள்ளத்துக்கும் பயன்படும் ‘டிப்ரஷன்’ இந்த நோய்க்குப் போதாது என்று எரிச்சல்படுகிறார். தமிழில் நாம் ‘மன அழுத்தம்’ என்கிறோம். பரீட்சை டென்ஷனுக்கும் அதே சொல், படுக்கையை விட்டு எழவே முடியாத நாளுக்கும் அதே சொல். அதனால்தான் ‘எல்லாருக்கும் இருக்கறதுதானே, உனக்கு மட்டும் என்ன?’ என்ற கேள்வி சுலபமாக வந்துவிடுகிறது. யாரும் கேட்காவிட்டாலும் உள்ளுக்குள் நாமே கேட்டுக்கொள்கிறோம்.

இந்தப் புத்தகத்துக்கு விதை ஒரு கோபம். ஆஷ்விட்ஸில் உயிர்தப்பிய ப்ரீமோ லெவி 1987இல் இறந்தார். தற்கொலை என்றே பரவலாகக் கருதப்பட்டது. அவ்வளவையும் தாண்டி வந்தவர் இப்படிச் செய்யலாமா என்று அறிஞர்கள் சிலர் ஏமாற்றப்பட்டதுபோலப் பேசினார்கள். அதை மறுத்து 1988இல் ஸ்டைரன் நியூயார்க் டைம்ஸில் எழுதினார்: இது நோய், ஒழுக்கக் குறைவு அல்ல.

இங்கேதான் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. வான்கோ, வர்ஜீனியா வுல்ஃப் என்று மேதைகளின் பட்டியல் ஒன்றைப் போடுகிறார் ஸ்டைரன். படிக்கும்போது தெம்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓவியமும் வரையாத, நாவலும் எழுதாத ஒருத்தி, மாத்திரை அட்டையை அலமாரியில் புடவைக்கு அடியில் ஒளித்துவைக்கும் ஒருத்தி, இந்தப் பட்டியலில் எங்கே நிற்பாள்? மேதையாக இருந்தால்தான் மன்னிப்பு என்றால் அதுவும் ஒரு தீர்ப்புதான்.

அந்தக் குறையோடும் இந்தப் புத்தகத்தைப் படிக்கச் சொல்வேன். அவசரம் என்றால், மருத்துவர் வரும் பக்கங்களை மட்டுமாவது.