வவுச்சர் ஒட்டும் தொண்டர்கள்

2024 அக்டோபர் மழையில் பந்தல்குடி வாய்க்கால் பொங்கி செல்லூர் தெருக்களில் தண்ணி நின்னுச்சு. அப்புறம் நான் கணக்கு பார்க்கப் போய்வந்த ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்துக்குக் கல்லூரிப் பிள்ளைகள் நிறையப் பேர் வந்தாங்க. இரண்டே மாதத்தில் பாதிப்பேர் தெருவை விட்டு ஆபீஸ் மேசைக்கு வந்துட்டாங்க. வேலை, வவுச்சர் ஒட்டுவது.

நிறுவனத்தைத் திட்டுவது சுலபம். ஆனால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைப் பாருங்கள். 2020 திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அலுவலக வாடகை, கணக்கு எழுதும் செலவு, மேலாளர் சம்பளம் எல்லாமே விதிப்படி 'நிர்வாகம்'. பேப்பர் வேலை மட்டும் குறையவில்லை. டெல்லி ஸ்டேட் பேங்க் கிளையில் தனிக்கணக்கு, வருடா வருடம் எஃப்.சி.-4 அறிக்கை, அதற்குத் தணிக்கை. சம்பள ஆளைக் குறைத்தால் இதை யார் செய்வது?

சம்பளப் பட்டியலில் இல்லாத மாணவர்தான். நாட்டு நலப்பணித் திட்டத்தில் அவருக்கு வருடத்துக்கு 120 மணி நேரம் வேண்டும், இரண்டு வருடத்துக்கு 240. நிறுவனத்துக்குச் சும்மா கிடைக்கும் கை, அவருக்கு ஒரு கையெழுத்து. கணக்கு நேராகிவிடுகிறது.

பேப்பர் வேலை கேவலம் என்று சொல்லவில்லை. ஒரு பி.காம். பெண் இரண்டு தடவை ஏறிய பில்லை ஆடிட்டருக்கு முன்னாடியே பிடிச்சா! அதைப் பயிற்சி என்று சொல்லி, உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருந்தால் எனக்குக் குறையே இல்லை. தொண்டர்களை வழிநடத்துபவர் சம்பளத்தைத் திட்டச் செலவில் சேர்க்க விதி இடம் கொடுக்கணும். அதுவரை அந்தப் பொண்ணு கையில் கோந்து பாட்டில்தான்.