பதில் சொன்னது யார்?

பிரபலங்களின் நீண்ட நேர்காணல்களை நாம் ஏன் விடாமல் படிக்கிறோம்? மேடையில் தூரத்திலிருந்து பார்த்தவரின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது போன்ற நெருக்கம் கிடைக்கிறது. அவர் தயங்குவதும் பேச்சை மாற்றுவதும் “அப்படி இல்லை” என்று கேள்வியையே திருத்துவதும் அச்சில்கூடத் தெரிந்துவிடும். எனக்கு அந்தத் திருத்தல்தான் முக்கியம். தன்னைப் பற்றி ஊர் கட்டிய கதையைப் பெண் தன் வாயால் மறுக்கும் இடம் அது.

அந்த இடம் வாய்க்காத ஒருவர் எங்கள் ஊர்க்காரர். வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகளாக 1916-இல் மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி. 1966-இல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார். 1998-இல் பாரத ரத்னா பெற்றார். இத்தனை புகழ் இருந்தும் அவர் மனம் திறந்து பேசிய நேர்காணல்கள் அரிது. கேள்விகளுக்குப் பெரும்பாலும் கணவர் சதாசிவமே பதில் சொன்னார். அதை அடக்கம் என்று கொண்டாடினோம். வகுப்பில் நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

டி.ஜே.எஸ். ஜார்ஜ் எழுதிய எம்.எஸ். வாழ்க்கை வரலாறு 2004-இல் வெளிவந்தது. இளம் வயதில் ஜி.என். பாலசுப்ரமணியத்துக்கு அவர் எழுதிய காதல் கடிதங்கள் அதில் இடம்பெற்றன. ஒரே மூச்சில் படித்தேன். பிறகு கூச்சமாக இருந்தது. நேர்காணலில் எதைச் சொல்வது, எதை விடுவது என்று பேசுபவர் முடிவு செய்யலாம். ஒருவருக்கு மட்டும் எழுதிய கடிதத்தை ஊரே படிக்கும்போது அந்த உரிமை போய்விடுகிறது. ஆனாலும், தெய்வப் பிம்பத்துக்குள் ஆசை கொண்ட ஒரு பெண் இருந்தாள் என்று எனக்குக் காட்டியவை அந்தக் கடிதங்களே. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த இக்கட்டுக்கு மாற்று வழியை அம்பை செய்து காட்டினார். 1988-இல் மும்பையில் தொடங்கிய ‘ஸ்பாரோ’ ஆவணக் காப்பகத்தின் வழியாகப் பெண்களின் குரலைப் பதிவுசெய்தார். பெண் இசைக் கலைஞர்களுடன் அவர் நடத்திய உரையாடல்கள் 2000-இல் ஆங்கிலத்தில் நூலாயின. அங்கே கலைஞர் உயிரோடு இருக்கிறார், எதிரே உட்கார்ந்திருக்கிறார், கேள்வியை மறுக்கவும் அவரால் முடிகிறது. அந்தரங்கத்தைத் தோண்டுவதால் நேர்காணல் ஆழமாவதில்லை. பேசுபவர் கையில் பேச்சை விட்டுவைப்பதால் ஆகிறது.

‘அடக்கம்’ என்ற சொல்லை இப்போது வகுப்பில் விட்டுவிட்டேன். அவரிடம் கேட்ட கேள்விக்கு வேறொருவர் பதில் சொன்னார் என்று மட்டும் சொல்கிறேன். மாணவிகள் அதற்கு மேல் விளக்கம் கேட்பதில்லை.