நான்கு கார்ட்ஸும் ஒரு நெடிலும்

சனிக்கிழமை ராத்திரி பாசிர் ரிஸ் பூங்காவின் பார்பிக்யூ பிட்களை ஒட்டி ஒரு நடை நடந்து வந்தால், இந்த ஊர்ப் பிள்ளைகள் கிட்டாரில் என்னவெல்லாம் வாசிக்கிறார்கள் என்பது முழுக்கக் காதில் விழுந்துவிடும். ஒரு இடத்தில் எட் ஷீரன். அடுத்ததில் மலாய்ப் பாட்டு. தமிழ்ப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் முதலில் அனிருத், அப்புறம் ரஹ்மான். கோழி தீர்ந்து கரி சாம்பலான பிறகு யாராவது ஒருத்தர் "டேய், ஒரு ராஜா பாட்டு வாசிடா" என்பார். கிட்டார் வைத்திருப்பவர் கைப்பேசியை எடுத்துத் தேடுவார். திரையில் ஒரு தாள் வரும். தமிழ் வரிகள் ஆங்கில எழுத்தில் இருக்கும். அவற்றின் தலைக்கு மேலே ஜி, டி, இ மைனர், சி.

அந்தத் தாளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். நாவலுக்கு மதிப்புரை எழுதுகிறோம், படத்துக்கு எழுதுகிறோம். இருபது வயதுக்காரர்கள் பலர் இன்றைக்கு இளையராஜாவைக் கையால் தொடுவது இந்தத் தாள் வழியாக. அதையும் ஒரு பிரதியாக எடுத்துப் படித்துப் பார்க்கலாமே. (காப்புரிமை விஷயத்துக்குள் போகவில்லை. 2017இல் எஸ்.பி.பி.க்கே வக்கீல் நோட்டீஸ் போனது. கடற்கரையில் கோழி சுடுகிறவர்களைத் தேடி யாரும் வரமாட்டார்கள் என்று நம்புவோம்.)

ராஜாவே கிட்டார்க்காரர். 1976இல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன்பு, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்துக்கொண்டு, மற்ற இசையமைப்பாளர்களின் ரெக்கார்டிங்குகளில் கிட்டார் வாசித்துச் சம்பாதித்தவர். சலில் சௌத்ரிக்கு வாசித்திருக்கிறார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வில் தேறியவர். எந்த ஸ்வரத்துக்கு எந்த விரல் எங்கே போகும் என்று தெரிந்தவர் எழுதிய கிட்டார் அது. அதனால்தான் அவருடைய நூறாவது படமான 'மூடுபனி'யில் (1980) பிரதாப் போத்தன் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு 'என் இனிய பொன் நிலாவே' பாடும்போது, அந்தக் கிட்டார் கதாநாயகனுக்குக் கொடுத்த அலங்காரப் பொருளாகத் தெரிவதில்லை. பாட்டே அதிலிருந்து கிளம்பி வருகிறது.

'இளைய நிலா' அதைவிடத் தெளிவான கேஸ். 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்துக்காக அந்தக் கிட்டாரை வாசித்தவர் ஆர். சந்திரசேகர். கார்ட்டை மொத்தமாக அடிக்காமல், ஒவ்வொரு ஸ்வரமாகப் பிரித்து, விரலால் எடுத்து வைத்துக்கொண்டே போவார். எஸ்.பி.பி. மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் கிட்டார் பேசும். அவர் பாடும்போது அது கீழே இறங்கி வழிவிடும். இரண்டு பேர் பாடுகிறார்கள், ஒருத்தருக்கு வாய் இல்லை, அவ்வளவுதான். அடுத்த வருஷமே இந்த மெட்டு இந்திக்குப் போனது. 'கலாகார்' படத்தில் கல்யாண்ஜி-ஆனந்த்ஜி இசையில் கிஷோர் குமார் பாடினார். அங்கேயும் வாசலில் நிற்பது கிட்டார்தான். வடக்கே புதிதாகக் கிட்டார் படிக்கிறவர்கள் இன்றும் அந்தப் பாட்டில் கைவைக்காமல் போவதில்லை. தமிழ் வார்த்தை முழுக்கக் கழன்று விழுந்த பிறகும் கிட்டார் அங்கே உயிரோடு இருந்தது. நம் தாளில் நடப்பது வேறு. வார்த்தை ஏதோ ஒரு எழுத்தில் மிச்சமிருக்கிறது, கிட்டாரைத்தான் காணோம். அதன் இடத்தில் ஒரு ஸ்ட்ரம்மிங்: கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல். எட் ஷீரனுக்கும் இதே, அனிருத்துக்கும் இதே, ராஜாவுக்கும் இதே.

"அன்பிளக்டுன்னா அப்படித்தான், எல்லாத்தையும் கழட்டிட்டுப் பாட்டோட உயிரை மட்டும் எடுக்கிறது" என்று ஒரு நண்பர் சொன்னார். எம்டிவி 1989இல் அந்த நிகழ்ச்சியைத் தொடங்கியதிலிருந்து நமக்குள் ஊறிப்போன எண்ணம் இது. எரிக் கிளாப்டன் 1992இல் 'லைலா'வை அக்கூஸ்டிக்கில் மெதுவாக வாசித்தபோது அது வேலை செய்தது, சந்தேகமில்லை. மெட்டு, வார்த்தை, கார்ட் என்று மூன்றை வைத்து எழுதிய பாட்டில், மேலே போட்ட சட்டையைக் கழற்றினால் உடம்பு தெரியும். ராஜா வேலை செய்யும் விதம் வேறு. வயலினுக்கு, குழலுக்கு, பேஸுக்கு என்று தனித்தனியாக நோட்டேஷன் எழுதி வாத்தியக்காரர்கள் முன்னால் வைக்கிறவர் அவர். அங்கே கழற்றுவதற்குச் சட்டை என்று தனியாக ஒன்றும் கிடையாது. எதைக் கழற்றினாலும் கொஞ்சம் சதையும் சேர்ந்து வரும். அப்படியானால் எதைக் கழற்றுவது, எதை விடக்கூடாது என்று ஒவ்வொரு பாட்டிலும் முடிவெடுத்தாக வேண்டும். தாள் அந்த முடிவை நமக்குப் பதிலாக, நம்மைக் கேட்காமலே எடுத்துவிடுகிறது.

முதலில் போவது பேஸ். 'சி' கார்ட்டில் சி, இ, ஜி என்று மூன்று ஸ்வரம். சி அடியில் நின்றால் வீடு வந்து சேர்ந்தாயிற்று. இ அடியில் நின்றால் வாசல் வரை வந்து, செருப்பைக் கழற்றாமல் நிற்கிற மாதிரி இருக்கும். கார்ட் என்னவோ அதேதான். தாளில் இரண்டுக்கும் 'சி' என்றே போட்டிருக்கும். ராஜா பாட்டில் பாதி நடமாட்டம் இந்த அடி ஸ்வரத்தில்தான் நடக்கிறது. 'ரெட்டை வால் குருவி'யின் (1987) 'ராஜ ராஜ சோழன் நான்' கேட்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. யேசுதாஸ் மேலே ஒரு பாட்டுப் பாடுவார், சசிதரனின் பேஸ் கிட்டார் கீழே இன்னொரு பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும். நல்ல ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு, பேஸை மட்டும் முணுமுணுத்துக்கொண்டு எம்ஆர்டியில் கிழக்குக் கடைசி வரைக்கும் வந்தவர்கள் எனக்குத் தெரிந்தே நாலு பேர் இருக்கிறார்கள்.

இதே பாட்டில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ராகம் கீரவாணி. கிட்டார்க்காரர்கள் பாஷையில் ஹார்மோனிக் மைனர். ஏ மைனரில் வாசிப்பதாக வைத்துக்கொண்டால், பஞ்சமத்தில் நிற்கிற கார்ட் இ மேஜராக இருக்கவேண்டும். ஏனென்றால் கீரவாணியின் நிஷாதம் காகலி, அதாவது ஜி ஷார்ப். நான் பார்த்த தாள்கள் சிலவற்றில் அந்த இடத்தில் இ மைனர் என்று இருக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே விரல். மூன்றாவது தந்தியின் முதல் கட்டத்தில் ஆட்காட்டி விரல் இருந்தால் மேஜர், எடுத்துவிட்டால் மைனர். அந்த விரலை எடுத்ததும் கீரவாணி போய் நடபைரவி வந்து உட்கார்ந்துவிடும். பாடுகிறவர் காதுப் பழக்கத்தில் கீரவாணியிலேயே பாடுவார், கிட்டார் நடபைரவியில் நிற்கும். கேட்கிறவர்களுக்கு ஏதோ இடிக்கிறது என்று மட்டும் தெரியும். பழி பாடகர் தலையில் விழும், பாவம்.

இதெல்லாம் கிட்டார் சமாச்சாரம், வாசிக்காதவர்கள் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி. தாள் செய்கிற இன்னொரு காரியம் தமிழ் வாசிக்கிற எல்லோருக்கும் உரியது.

நம் சினிமாவில் பெரும்பாலும் மெட்டு முதலில் வரும். இசையமைப்பாளர் தத்தகாரம் சொல்வார்: தன, தானா, தனன. கவிஞர் அந்த அளவுக்கு வார்த்தை போடுவார். நீளமான ஸ்வரத்துக்கு நெடில், சட்டென்று போகிற ஸ்வரத்துக்குக் குறில், வெட்டி நிற்கிற இடத்துக்கு ஒற்று. எல்லா இடத்திலும் இது அச்சுப் பிசகாமல் பொருந்தாது. நல்ல பாட்டில் பெரும்பாலும் பொருந்தும். 'இளைய நிலா' என்ற இரண்டு சொல்லையே பாருங்கள். இ, ளை, ய, நி (ளை நடுவில் வருவதால் ஐகாரக்குறுக்கம், அதுவும் குறில் அளவுதான்), பிறகு லா. நான்கு குறில், ஒரு நெடில். எஸ்.பி.பி. நிறுத்திப் பிடிப்பதும் அந்த லாவைத்தான். அதாவது, தமிழ் எழுத்தில் வரியை எழுதினாலே தாளக்கணக்கில் பாதி எழுதியாயிற்று. வேறு நோட்டேஷன் தெரியாதவருக்கும் அது கண்ணில் தெரியும்.

ஆங்கில எழுத்துக்கு மாற்றும்போது இந்தப் பாதியும் போய்விடுகிறது. குறிலும் நெடிலும் ஒரே எழுத்து. 'பொன் நிலாவே' என்பதை 'போன் நிலாவே' என்று படிக்கவும் அந்தத் தாள் இடம் கொடுக்கும். கைப்பேசியைப் பார்த்துப் பாடுகிற தலைமுறைக்கு அதுவும் பொருத்தம்தான். இதற்கு மேல் ஸ்ட்ரம்மிங்கின் அழுத்தம் வேறு. வலுவான அடி எந்த எழுத்தில் விழுகிறதோ, பாடுகிறவரின் வாய் அந்த எழுத்தில் சாய்ந்து நீளும். அடி 'நி'யில் விழுந்தால் நிலா நீலாவாகிவிடும். நீலா பக்கத்து பிளாக்கில் இருக்கிற அக்கா.

"பாட்டு எல்லாருக்கும் தெரியும்தானே, எழுத்தையா பார்த்துப் பாடுறோம்?" என்பீர்கள். பல்லவி வரைக்கும் சரி, காது காப்பாற்றிவிடும். இரண்டாவது சரணத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அங்கே காதில் ஏறியது பாதிதான் இருக்கும். கண் தாளுக்குப் போகும், அங்கே நீளம் இல்லை. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு இடத்தில் இழுப்பார்கள், பாட்டு கலைந்து சிரிப்பில் முடியும். சிரிப்பில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் எல்லாப் பாட்டும் அதே இடத்தில்தான் கலைகிறது.

இது இங்கே ஏன் எனக்குப் பெரிசாகப் படுகிறது என்றால், சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. அந்த பார்பிக்யூ பிட்டில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள். ஓ லெவல் தாய்மொழித் தேர்வோடு தமிழ் எழுத்தைப் படிப்பதை நிறுத்தியவர்களும் உண்டு. ஒரு வாரத்தில் அவர்கள் வாயிலிருந்து இடைவிடாமல் நாலு நிமிஷம் தமிழ் வருகிறது என்றால் அது இந்தப் பாட்டில்தான். ஆங்கில எழுத்து இல்லாவிட்டால் அதுவும் வராது. ஆகவே "தமிழில் படிக்கத் தெரியாதவன் ராஜாவைப் பாடாதே" என்கிற வீரத்தோடு எனக்கு ஒட்டு இல்லை. தூரத்திலிருந்து "எப்படிப்பட்ட பாட்டை இப்படிக் கொல்றானுங்களே" என்று தலையில் அடித்துக்கொள்ளும் அங்கிள்களோடும் இல்லை. அவர்கள் ராஜாவைப் பூஜை அறையில் வைத்துவிட்டார்கள். பூஜை அறையில் இருக்கிறவரை யாரும் வாசித்துப் பார்ப்பதில்லை. தப்பாக வாசிக்கிறவனுக்காவது மூன்றாவது தந்தியில் ஏதோ இடிக்கிறது என்று ஒருநாள் தெரியவரும்.

அதே நேரம், "ஃபீல் இருந்தா போதும் ப்ரோ" என்கிற கட்சியிலும் நான் சேரமாட்டேன். ஃபீல் எங்கேயோ மிதந்துகொண்டிருப்பதில்லை. அந்த லாவின் நீளத்தில் இருக்கிறது, ஆட்காட்டி விரலில் இருக்கிறது.

ஆங்கில எழுத்திலேயேகூட ஒழுங்காகச் செய்யலாம், இந்த ஊரே செய்து காட்டியிருக்கிறது. எஸ். ஜேசுதாசன் 1960களில் எழுதி இசையமைத்த 'முன்னேறு வாலிபா' பாட்டை இங்கே சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் சேர்ந்து பாடி வளர்ந்திருக்கிறார்கள். அதன் தலைப்பை ஆங்கில எழுத்தில் வழக்கமாக எப்படி எழுதுகிறார்கள் என்று பாருங்கள். 'வாலிபா'வின் இரண்டு நெடிலுக்கும் 'ஏ' எழுத்து இரட்டிப்பாக வரும். 'னே'க்கு 'ஏ'யும் 'இ'யும் சேர்ந்து வரும். தமிழ் ஒரு வார்த்தை தெரியாத பிள்ளைக்குக் கூட எங்கே நீட்டவேண்டும் என்று தெரிந்துவிடும். கவனம் எடுத்து எழுதியிருக்கிறார்கள். வீட்டில் அம்மா தமிழ் பேசுகிற பிள்ளைகளுக்கு நாம் தயாரிக்கிற கார்ட்ஸ் தாளில் அந்தக் கவனம் இல்லை.

என் ஆசைத் தாள் இப்படி இருக்கும். வரி தமிழ் எழுத்தில், அதன் கீழே நெடிலை இரட்டித்த ஆங்கில எழுத்தில். கார்ட் எந்த எழுத்தின் மேல் மாறுகிறதோ சரியாக அந்த எழுத்தின் தலையில் நிற்கவேண்டும். இப்போது மாதிரி வரியின் தொடக்கத்தில் குத்துமதிப்பாக அல்ல. அடி ஸ்வரம் மாறினால் 'சி/இ' என்று கோடு போட்டுக் காட்டவேண்டும். ஸ்ட்ரம்மிங் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டைவிரலுக்கு பேஸைக் கொடுத்துவிட்டு, மற்ற மூன்று விரலால் மேல் தந்திகளைப் பிரித்து வாசித்துப் பாருங்கள் என்கிறேன். மெதுவாகத்தான் வரும். 'இளைய நிலா'வுக்கு இது ஒரு மாசம் எடுக்கலாம். பாட்டை அசல் ஸ்ருதியிலேயே பாடவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கேப்போ எதற்கு இருக்கிறது? எஸ்.பி.பி. உயரத்துக்குத் தொண்டையைக் கிழித்துக்கொண்டு, கடைசியில் லாவில் மூச்சு இல்லாமல் நிற்பதைவிட இரண்டு கட்டை இறக்கிக்கொள்ளலாம்.

'ராஜ ராஜ சோழன் நான்' மட்டும் தனியாக முயற்சி செய்யவேண்டாம். அதற்கு இரண்டு கிட்டார் வேண்டும். ஒருத்தர் கார்ட் பிடிக்க, இன்னொருத்தர் மேல் தந்தி எதையும் தொடாமல், அடித் தந்திகளில் சசிதரன் வாசித்ததை மட்டும் வாசிக்கவேண்டும். அந்த இரண்டாவது ஆள் பாடக்கூடாது. பாடாமல் இருக்கச் சம்மதிக்கிற ஒருத்தரைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.