பான்யாவின் அளவுகோல்

2010 ஆகஸ்டில் ஃபின்லாந்தின் ஹெய்னோலா நகரில் உலக சவுனா போட்டி நடந்தது. இறுதிச் சுற்றில் 110 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உட்கார்ந்திருந்த ரஷ்யப் போட்டியாளர் உயிரிழந்தார். அவருடன் போட்டியிட்ட ஃபின்லாந்துக்காரர் கடும் தீக்காயங்களோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். அத்தோடு அந்தப் போட்டியே நிறுத்தப்பட்டுவிட்டது. யார் அதிக நேரம் சூடு தாங்குகிறார் என்பதை வைத்து ஒரு குளியலை அளக்கப் புகுந்தால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை. ரஷ்யர்களின் பான்யாவைப் பற்றியும் வெளியார் மனத்தில் இருப்பது ஏறக்குறைய இந்தச் சித்திரம்தான்: கொதிக்கும் அறை, இலைக்கொத்தால் அடி, பிறகு பனியில் புரளல். ஆனால் அந்த மரபில் ஊறியவர்கள் கையில் வைத்திருக்கும் அளவுகோல் வேறு. ஒருமுறை நீராவி அறைக்குள் போய் வந்தவருக்கு மறுபடி உள்ளே போகத் தோன்றுகிறதா, அவர் உடம்பு அதற்கு இடம் கொடுக்கிறதா? நல்ல பான்யாவை இந்தக் கேள்விதான் பிரித்துக் காட்டுகிறது. அடுப்பு, கல், இலை, குளிர்ந்த நீர், கடைசியில் சாப்பாட்டு மேசை என எல்லாவற்றையும் இதை வைத்தே மதிப்பிட வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் ஆவியின் கணக்கைப் பார்ப்போம். ஃபின்லாந்து சவுனாவில் பொதுவாக 80 முதல் 100 டிகிரி வரை சூடு இருக்கும், காற்றில் ஈரம் குறைவு. பான்யாவுக்கு 60, 70 டிகிரியே போதும். ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம் வரை இருக்கும். (ஃபின்லாந்துக்காரர்களும் கல்லின் மேல் நீர் ஊற்றுகிறவர்கள்தான், இரண்டு மரபுக்கும் நடுவே மதில் எதுவும் கிடையாது.) வெப்பமானி குறைவாகக் காட்டினாலும் உடம்பில் சூடு குறைவாக இறங்குவதில்லை. காற்றில் இருக்கும் ஆவி, அதைவிடக் குளிர்ந்த தோலில் பட்டு நீராக மாறுகிறது. ஒரு கிராம் ஆவி அப்படி மாறும்போது 500 கலோரிக்கு மேல் வெப்பத்தை அங்கேயே இறக்கிவைக்கிறது. ஆகவே பான்யாவில் சூட்டைச் சுமந்து வருவது ஆவி. அந்த ஆவியிலும் தரம் உண்டு. போதிய சூடேறாத கல்லில் நிறைய நீரைக் கொட்டினால் வருவது கண்ணுக்குத் தெரியும் வெண்புகை, நுண்துளிகளின் மூட்டம். வேது பிடிக்கும்போது போர்வைக்குள் முகமெல்லாம் நீர் கோத்து மூச்சு முட்டுமே, அந்த ஆவியைத்தான் பான்யாக்காரர்கள் கனத்த ஆவி என்று ஒதுக்குகிறார்கள். பல நூறு டிகிரிக்குச் சூடேறிய கல்லில் கொஞ்சம் கொஞ்சமாக வெந்நீர் விட்டால் எழும் ஆவி கண்ணுக்கே தெரியாது. அது நேரே கூரைக்கு ஏறி ஒரு படலமாகத் தங்கும். இது லேசான ஆவி. இதில் மூச்சு தாராளமாகப் போய்வரும்.

லேசான ஆவி உண்டாவதைப் பழைய முறையில் நடக்கும் மாஸ்கோவின் பொதுப் பான்யா ஒன்றில் பார்த்தால், இது தற்செயலாகக் கிடைப்பதல்ல என்பது விளங்கும். சுவரோடு கட்டிய பெரிய செங்கல் அடுப்பு. அதன் வயிற்றில் டன் கணக்கில் கல்லும் வார்ப்பிரும்புக் கட்டிகளும் இருக்கும். எரிப்பது இரவில். குளிக்க ஆள் வருவதற்குள் தீ அணைந்து, கல் உறிஞ்சிய சூடு மட்டும் எஞ்சியிருக்கும். ஒரு சுற்று முடிந்ததும் அறையில் இருக்கும் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். உதிர்ந்த இலைகளைக் கூட்டி அள்ளி, உட்காரும் மரப் பரணைக் கழுவி, கதவைத் திறந்துவைத்துப் பழைய ஈரக் காற்றைப் போக்குவார்கள். பிறகு கைதேர்ந்த ஒருவர் அடுப்பின் சின்ன இரும்புக் கதவைத் திறந்து, சீறிவரும் ஆவி முகத்தில் அடிக்காதபடி பக்கவாட்டில் ஒதுங்கி நின்று, நீண்ட காம்புள்ள அகப்பையால் கல்லின் ஆழத்துக்கு வீசுவார். ஒரு வீச்சு, சிறு இடைவெளி, அடுத்த வீச்சு. சிலர் அந்த நீரில் புதினாவோ யூகலிப்டஸோ, ரொட்டியைப் புளிக்கவைத்த க்வாஸ் பானமோ சில துளி கலப்பதுண்டு. ஆவி கூரையில் படிந்தபின் கூட்டம் உள்ளே வந்து பேச்சில்லாமல் உட்காரும். யாராவது எழுந்து நின்று ஒரு துண்டையோ விசிறியையோ மெல்லச் சுழற்றினால் அந்தப் படலம் எல்லோர் தோளிலும் ஒரே சீராக இறங்கும். உள்ளே இருப்பவர்களைக் கேட்காமல் அடுப்பில் ஒரு அகப்பை நீர் விடுவது இங்கே பெரும் மரியாதைக்குறைவு. ஆவி எல்லோருக்கும் பொது. ஒருவருடைய அவசரம் இருபது பேரின் சுற்றைக் கெடுத்துவிடும்.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு மரபின் கிளைகளைப் பார்க்கலாம். மிக எளியது அடுப்புக்குள்ளேயே குளிப்பது. ரியாசான், விளாதிமிர் பக்கத்துக் கிராமங்களில் தனிக் குளியல் அறை இல்லாத வீடுகளில், ரொட்டி சுட்ட பெரிய அடுப்பின் சாம்பலை வழித்துவிட்டு, வைக்கோல் பரப்பி, ஆளே உள்ளே நுழைந்து மூடியைச் சாத்திக்கொள்வார். அடுத்தது கரும்பான்யா. இதற்குப் புகைபோக்கி கிடையாது. கற்குவியலுக்கு அடியில் விறகு எரியும். புகை அறை முழுவதும் சூழ்ந்து கதவு வழியாகவும் சுவரில் உள்ள சிறு துவாரம் வழியாகவும் போகும். தீ அணைந்து தணல் நீங்கும்வரை யாரும் நுழையக்கூடாது. கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். பரணையும் சுவரையும் கழுவி, முதல் ஆவியின் கசப்பை வெளியே விட்டபிறகுதான் குளியல். மூன்றாவது வெண்பான்யா, புகைபோக்கியோடு கூடிய அடுப்பு, சுத்தமான சுவர். கரும்பான்யாவே அசல், மற்றதெல்லாம் பிற்காலச் சொகுசு என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. அவர்கள் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை: தீயில் நேரடியாகச் சுட்ட கல்லும், நெடுநேரம் சூடேறிய மரச்சுவரும் தரும் ஆவி மிக மென்மையானது. கிராமத்துப் பெண்கள் பிரசவத்துக்கு ஒதுங்கிய இடமும் பெரும்பாலும் இந்தக் கரி படிந்த அறைதான். ஆனால் மென்மை வந்தது கல்லின் சூட்டாலும் சுவரின் பொறுமையாலும், புகையால் அல்ல. கல்லைத் தீயோடு சேர்த்துச் சுட்டுப் புகையை மட்டும் குழாயில் ஏற்றிவிடும் வெண்பான்யா அடுப்பும் அதே ஆவியைத் தருகிறது. தொன்மை வேறு, தரம் வேறு.

அந்நியர் கண்ணுக்கு இந்தக் குளியல் தண்டனையாகப் படுவது புதிதல்ல. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியேவில் தொகுக்கப்பட்ட வரலாற்று ஏட்டிலேயே ஒரு கதை வருகிறது: நோவ்கோரத் பகுதிக்கு வந்த புனித அந்திரேயர், மரக் குளியல் அறைகளில் மக்கள் தங்களைத் தாங்களே இளங்கிளைகளால் அடித்துக்கொண்டு பிறகு குளிர்நீரை ஊற்றிக்கொள்வதைக் கண்டு வியந்து ரோமில் போய்ச் சொன்னாராம். வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைக் காண 1761இல் சைபீரியாவுக்குப் போன பிரெஞ்சு வானியலாளர் ஷாப் தோதெரோஷும் பான்யாவின் சூடு தாங்காமல் தப்பி வந்ததைத் தம் நூலில் எழுதினார். அதே நூற்றாண்டில் ரஷ்ய அரசவையில் மருத்துவராக இருந்த போர்ச்சுகீசியர் ரிபெய்ரோ சான்செஸ் பார்த்தது வேறு. 1779இல் ரஷ்ய மொழியில் வெளிவந்த அவருடைய ஆய்வுநூல், ரோம, துருக்கிக் குளியல்களைவிட ரஷ்யக் குளியலை மேலாக வைத்தது. சூடான கல்லிலிருந்து அவ்வப்போது புத்தாவி எழுவதையும் அறையின் காற்று புதுப்பிக்கப்படுவதையும் காரணமாகக் காட்டியது. இருவரும் படித்த மனிதர்கள். ஒருவர் சூட்டைக் கவனித்தார், மற்றவர் ஆவியைக் கவனித்தார்.

நகரப் பான்யாக்களில் தலைமகன் மாஸ்கோவின் சந்துனி. நடிகர் சிலா சந்துனோவ் 1808இல் தொடங்கியது. நெக்லின்னயா தெருவில் இன்று நிற்கும் மாளிகை, ஃபிர்சானவா என்ற செல்வச் சீமாட்டியின் காலத்தில், 1896இல் திறக்கப்பட்டது. தூண்கள் சூழ்ந்த குளம், சித்திர விதானம், மரச் செதுக்கல் நிறைந்த கூடம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இது பான்யாவே அல்ல, அரண்மனை வேடிக்கை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பளிங்கு ஆவியைக் கெடுப்பதில்லை. அலங்காரமெல்லாம் நீராவி அறைக்கு வெளியேதான். உள்ளே அதே மரப் பரண், அதே செங்கல் அடுப்பு, அதே அகப்பை. மாஸ்கோவின் பழைய வாழ்க்கையை எழுதிய கிலியரோவ்ஸ்கி பான்யாக்களுக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். அங்கே போகாத மாஸ்கோக்காரன் இல்லை என்பது அவர் காட்டும் சித்திரம். மாளிகையை விட்டு இறங்கி வந்தால் சோவியத் காலத்து வட்டாரப் பான்யா. உள்நாட்டுப் போரின்போது பேன் பரப்பும் டைஃபஸ் காய்ச்சல் நாட்டைச் சூறையாடியதால், மக்களுக்குக் குளியல் வசதி செய்துதரும்படி 1920இல் அரசு ஆணையே பிறப்பித்தது. லெனின்கிராதில் அலெக்சாந்தர் நிகோல்ஸ்கி வட்ட வடிவில் வடிவமைத்த பான்யா, எல்லோருக்கும் குளியல் என்ற அந்த நம்பிக்கையின் அழகான நினைவுச்சின்னம். இரண்டாம் உலகப் போரில் குளியல் ரயில்கள் போர்முனைக்கே போயின. ஆனால் இங்கே நோக்கம் அழுக்குப் போவதும் பேன் ஒழிவதும்தான். தகரத் தொட்டிக்கு வரிசை, துணியைக் காத்துக்கொள்ளும் கவலை என்று சோவியத் தொடக்கக் காலத் தட்டுப்பாட்டை எழுத்தாளர் ஜோஷெங்கோவின் சிறுகதை ஒன்று சொல்லிவைத்திருக்கிறது. பிறகு அடுக்குமாடி வீடுகளில் குளியலறை வந்தது. கழுவிக்கொள்வதற்காகப் பான்யாவுக்குப் போக வேண்டிய தேவை குறையக் குறைய, ஆவிக்காகவே வருபவர்கள் மிஞ்சினார்கள். தரத்தைப் பேசும் ரசிகர்கள் பெருகியது அதன்பிறகே என்று நினைக்கிறேன்.

மின்சார அடுப்பு வைத்த உடற்பயிற்சிக்கூடச் சவுனாவைப் பான்யா என்று பெயரிட்டு நடத்துவோர், கல் கல்தானே, சூடு சூடுதானே என்று கேட்கிறார்கள். திறந்த தட்டில் கிடக்கும் ஒரு கூடைக் கல் நாலு அகப்பைக்குள் சூடு இழந்துவிடும், ஐந்தாவதிலிருந்து மூட்டம்தான். குறை மின்சாரத்தில் இல்லை, கல்லின் அளவில் இருக்கிறது. மூடிய அறைக்குள் போதிய கல்லை அடுக்கிய மின் அடுப்பு இந்தத் தேர்வில் தேறினால் அதை மறுக்க நான் யார்.

இலைக்கொத்து பற்றிச் சொல்லியாக வேண்டும். ரஷ்யர்கள் அதை வேனிக் என்பார்கள். பிர்ச் கொத்து ஜூனில் வெட்டுவது, ஓக் அதற்குப் பிந்தி. நிழலில் உலர்த்த வேண்டும், வெயில் பட்டால் இலை உதிரும். குளியலுக்குமுன் நீரில் ஊறவைத்து எடுப்பார்கள். தேர்ந்த பான்ஷிக், அதாவது குளிப்பாட்டுபவர், முதலில் அடிப்பதே இல்லை. கொத்தைக் கூரைப்பக்கம் தூக்கிச் சூட்டை வாரி, பாதத்திலிருந்து தலைப்பக்கம் தோலைத் தொடாமல் வீசுவார், பிறகு தடவுவார், இடுப்பிலும் தோளிலும் கொத்தை வைத்து அழுத்திப் பிடிப்பார். தட்டல் கடைசியில், அதுவும் அளவாக. அடி வாங்குவதாகப் பார்ப்பவருக்குத் தெரிவது, உள்ளபடி ஆவியைக் கையால் பரிமாறும் வேலை. தலைக்குக் கம்பளித் தொப்பி, பிறகு குளிர்ந்த தொட்டி, பிறகு ஓய்வு. நியூயார்க்கின் 10ஆவது தெருவில் 1892 முதல் நடக்கும் ரஷ்ய, துருக்கிக் குளியலகத்தில் யூதக் குடியேறிகள் வளர்த்த கிளையில் ஓக் கொத்துத் தேய்ப்பு முன்னுக்கு வந்தது. சூடு கூடுதல், ஆனால் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொள்ளக் குளிர்நீர் பரணருகிலேயே தயார்.

உடல்நலம் பற்றிய பெரும் வாக்குறுதிகளை இந்த மரபின் அன்பர்கள் கொஞ்சம் அடக்கிப் பேசுவது நல்லது. கிழக்கு ஃபின்லாந்தில் 2,315 நடுவயது ஆண்களைச் சுமார் இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியான ஆய்வில், வாரம் 4 முதல் 7 முறை சவுனா போனவர்களிடையே திடீர் இதய மரணம் குறைவாக இருந்தது. அது சவுனா பற்றியது. உடல்நிலை நன்றாக இருந்ததால்தான் அவர்கள் அடிக்கடி போனார்கள் என்ற சந்தேகத்தையும் முழுதாகக் களைய முடியாது. பான்யாவின் மதிப்பை மருத்துவச் சான்றிதழில் தொங்கவிடத் தேவையில்லை.

கடைசியாகச் சாப்பாடு. பலர் இதைக் குளியலோடு ஒட்டாத உபசாரமாக நினைக்கிறார்கள். எனக்கோ குளியலின் பாதி தரம் மேசையில்தான் தெரிகிறது. வெறும் வயிறோடும் போகக்கூடாது, நிறைந்த வயிறோடும் கூடாது. சுற்றுகளுக்கு நடுவே வேண்டியது இழந்த நீரும் கொஞ்சம் உப்பும் புளிப்பும்: சமோவார் தேநீர், தைம் அல்லது லிண்டன் பூ போட்டுக் காய்ச்சியது, ஒரு கரண்டி தேனோ பழக்கூழோ, ரை ரொட்டியைப் புளிக்கவைத்த க்வாஸ், கிரான்பெரிச் சாறு, சதகுப்பையும் பூண்டும் சேர்ந்த உப்புநீரில் ஊறிய வெள்ளரிக்காய். இவை உடம்பை மறுபடி பரணுக்கு அனுப்பும். ஹெர்ரிங் மீனும் அவித்த உருளைக்கிழங்கும், ஊறுகாயும் ஆலிவும் போட்ட புளிப்பான சல்யான்கா சூப்பும், புளித்த பாலேடு ஊற்றிய பெல்மேனி என்ற இறைச்சிக் கொழுக்கட்டையும் கடைசிச் சுற்று முடிந்தபிறகு. இந்த வரிசை புரிந்த சமையல்கட்டு உள்ள பான்யாவில் அடுப்பும் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும். பீரும் வோப்லாக் கருவாடும் இல்லாமல் பான்யாவா என்று கேட்பார்கள். பழக்கம் பழையதுதான், மறுப்பதற்கில்லை. கடைசிச் சட்டையை விற்றாவது பான்யாவுக்குப் பிறகு ஒரு கோப்பை குடி என்று பீட்டர் பேரரசர் பெயரிலும் தளபதி சுவோரவ் பெயரிலும் வழங்கும் சொல்லையும் நீட்டுவார்கள். அதுவும் பிறகு என்றுதான் சொல்கிறது. சூட்டில் இரத்தக்குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தம் இறங்கியிருக்கும்போது மது அதை மேலும் இறக்கும். தாகமும் தலைசுற்றலும் மூச்சின் எச்சரிக்கையும் போதையில் தெரியாது. வோட்கா வேண்டுமென்பவர் பெல்மேனியோடு கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு அன்றைக்குப் பரணில் அவருக்கு இடமில்லை.