கதவைச் சாத்தும் சொல்

அடிபடுபவனின் அலறல் தெருக்கோடி வரை கேட்கிறது. ஓடிவந்த அண்டை வீட்டானைப் பார்த்து, "இது எங்கள் வீட்டு விவகாரம், உனக்கென்ன வேலை?" என்று சீறிக் கதவைச் சாத்துகிறான் அடித்தவன். உலக மன்றத்திலே அந்தக் கதவுக்கு நாகரிகமான பெயரொன்று உண்டு: உள்நாட்டு விவகாரம்! சொல் சிறிது, அது மறைத்த கொடுமையோ பெரிது. அச்சொல்லின் வரலாற்றை இளைஞர்கள் அறிந்திடல் வேண்டும் என்கிறோம்.

1945-இல் உருவான ஐக்கிய நாடுகள் பட்டயத்தின் முன்னுரை, அடிப்படை மனித உரிமைகளைப் போற்றுகிறது. அதனை ஆக்குவதில் பங்கு கொண்டவர் யார்? நிறவெறி கோலோச்சிய தென்னாப்பிரிக்காவின் தலைமை அமைச்சர் ஸ்மட்ஸ்! அதே பட்டயத்தின் 2-ஆம் விதி, 7-ஆம் பிரிவோ, ஒரு நாட்டின் உள்நாட்டு அதிகாரத்துக்குட்பட்டவற்றில் மன்றம் தலையிடலாகாது என்கிறது. வாசலிலே தோரணம், கதவிலே பூட்டு!

1946-இல், நேட்டால் பகுதியில் இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே வாங்கலாகாது என்று கோடு கிழித்துச் சட்டம் செய்தது தென்னாப்பிரிக்கா. முழு விடுதலை பெறாத இந்தியா, அதனை ஐ.நா. பொது அவைக்குக் கொண்டு சென்றது. விஜயலட்சுமி பண்டிட் வழக்குரைத்தார்; ஸ்மட்ஸ் பூட்டைக் காட்டினார். அவை மயங்கிற்றா? இல்லை! டிசம்பர் 8-ஆம் நாள், 32 நாடுகள் ஆதரிக்க, 15 நாடுகள் எதிர்க்க, தீர்மானம் நிறைவேறிற்று. மனிதனை மனிதன் இழிவு செய்வது எவர் வீட்டுக்கும் தனி விவகாரமன்று என்று உலகம் சொன்ன நாள் அது.

அன்று தொடங்கிய வழி நெடியது. 1974-இல் தென்னாப்பிரிக்காவை ஐ.நா.விலிருந்து நீக்க முயன்றபோது, அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு ஆகிய மூன்றும் தடுப்பு வாக்களித்துக் காத்தன. 1977-இல்தான் ஆயுதத் தடை கட்டாயமாயிற்று. 1994-இல் கறுப்பின மக்கள் வாக்குச்சாவடிக்கு வந்தனர். வென்றவர்கள் சிறையிலும் தெருவிலும் போராடிய அம்மண்ணின் மக்களே. எனினும், அயல்நாடுகளின் அழுத்தம் அவர்கட்குத் துணை நின்றதை மறுப்பார் உண்டோ?

இனி, 2001-க்கு வருவோம். இனவெறிக்கு எதிரான உலக மாநாடு கூடிய ஊர், அதே நேட்டால் பகுதியின் டர்பன்! சாதிக் கொடுமையையும் அங்கே பேசுக என்று தலித் இயக்கத்தார் கேட்டனர். இந்திய அரசு என்ன சொல்லிற்று? சாதி இனமன்று, அதற்கு எம் அரசியல் சட்டத்திலே பரிகாரம் உண்டு, இம்மாநாட்டிலே பேசத் தகாது! மாநாட்டின் இறுதி அறிக்கையிலே சாதி என்ற சொல்லே இடம்பெறவில்லை. 1946-இல் எந்தப் பூட்டை உடைத்தார்களோ, அதே பூட்டைத் தேடியெடுத்துத் தம் கதவிலே மாட்டிக்கொண்டார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடமா?

சாதி இனமன்று என்பது சரியே. ஆனால், இனப் பாகுபாட்டை ஒழிக்க 1965-இல் எழுந்த உலக ஒப்பந்தம், இனம், நிறம் என்பவற்றோடு 'வழிமரபு' என்ற சொல்லையும் சேர்த்திருக்கிறது. அதனைச் சேர்க்க முன்மொழிந்த நாடு இந்தியாவே! அவ்வொப்பந்தத்தைக் கண்காணிக்கும் குழு, வழிமரபுப் பாகுபாட்டிலே சாதியும் அடங்கும் என்று 2002-இல் தெளிவுபட உரைத்தது. பிறப்பால் இழிவு சுமத்துவது சாதியன்றி வேறென்ன?

வல்லரசுகள் மனித உரிமையைக் காட்டிச் சிறு நாடுகளை மிரட்டுமே என்பர் சிலர். மிரட்டுவதுண்டு; பகைவனின் குற்றத்தை முழங்கி, நண்பனின் குற்றத்தை மூடுவதுமுண்டு. அதற்கு மருந்து, நாமும் கதவைச் சாத்துவதன்று. எல்லார்க்கும் ஒரே அளவுகோல் கேட்பது. பிறர் வீட்டு அலறலுக்குக் குரல் கொடுக்கும் நாடு, தன் வீட்டு அலறலையும் உலகு கேட்க விடவேண்டும். அதற்கு அஞ்சும் வெளியுறவுக் கொள்கை, எத்துணை அழகிய மேடைப் பேச்சாயினும், கொள்கையன்று, வேடமே!