காலண்டர் கட்டத்தில் கிலோமீட்டர்

சிவகாசியில் அச்சான மாதக் காலண்டரில் தேதிக்குக் கீழே ஒரு எண் எழுத இடமிருக்கும். அன்று நடந்த கிலோமீட்டரை அங்கே பென்சிலால் குறிப்பது எனக்குப் பிடித்த வேலை. ஆண்டுக்கு 1,000 கி.மீ. என்பதுதான் இலக்கு. கேட்கத்தான் மலைப்பு. நாளுக்கு 4 கி.மீ., வாரத்துக்கு 5 நாள், 50 வாரம்: கணக்கு முடிந்தது. மிச்சமுள்ள இரண்டு வாரத்தைக் காய்ச்சலுக்கும் கல்யாண வீட்டுக்கும் விட்டுவிடலாம்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 11 கி.மீ. போய்வர 22. அப்படி 45 தடவை போய்வந்தாலே ஆண்டுக் கணக்கு ஏறக்குறைய நிறைந்துவிடும். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு எனக்கு அந்தச் சாலையே வேறாகத் தெரிகிறது. கிளம்பும்போது இருட்டு. இடப்பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை முதலில் கோடாகத் தெரியும், பிறகு நீலம், வெயில் பட்டதும் பச்சை. ஆடியில் உச்சியை மேகம் மூடியிருக்கும். கால் கனக்கத் தொடங்கும் நேரத்தில் ஆண்டாள் கோயிலின் 11 நிலைக் கோபுரம் எட்டிப் பார்க்கும். கண்டதும் நடை தானாக வேகமெடுக்கும். கோபுரம் வளர வளரத் தூரம் குறையும். இதைவிட நல்ல மைல்கல்லை நான் பார்த்ததில்லை.

சித்திரை வெயிலில் காலண்டர் கட்டங்கள் காலியாகவே கிடக்கும். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலுள்ள திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாளைப் பார்க்க நடப்பவர்களோடு சேர்ந்துகொண்டால் விட்டதைப் பிடித்துவிடலாம். அவர்கள் யாரும் தூரத்தை எண்ணுவதில்லை. நான் வீட்டுக்கு வந்து பென்சிலைத் தேடுவேன்.