குட்டி யானையின் இழுவை

சரக்கு வண்டியின் பலத்தைக் குதிரைத்திறனை மட்டும் வைத்து எடை போட முடியாது. நின்ற வண்டியைப் பாரத்தோடு கிளப்புவது முறுக்குவிசை. குறைந்த சுழற்சியிலேயே அது கிடைப்பதால்தான் திருச்சி காந்தி மார்க்கெட்டைச் சுற்றி டீசல் வண்டிகளுக்கு மவுசு.

ஊரார் ‘குட்டி யானை’ என்றழைக்கும் டாடா ஏஸ் 2005-இல் வந்தது. இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன். முக்கால் டன் ஏற்றலாம். ஸ்ரீரங்கத்தின் ஒடுங்கிய வீதிகளில் பூக்கூடை, காய்கறி மூட்டைகளை இறக்க இதுவே தோது. தட்டு தாழ்ந்திருப்பதால் ஒற்றை ஆளே மூட்டையைத் தள்ளி ஏற்றிவிடலாம். தொட்டியம் பக்கமிருந்து வாழைத்தார் அடுக்கி வர, இரண்டரை லிட்டர் எஞ்சின் கொண்ட பொலிரோ பிக்கப் போன்றது வேண்டும்.

வாங்குபவர் பார்க்க வேண்டியது பின்புறப் பட்டை வில். வெறும் வண்டியில் வளைந்து நிற்கும் பட்டைகள், பாரம் ஏறியதும் நிமிர்ந்து தட்டையாகும். எதிர்ப்பக்கம் வளைந்தால் சுமை மிஞ்சிவிட்டது என்று பொருள். முதல் கியரில், பாதி கிளட்சில், மேட்டில் திணறாமல் ஏறுகிறதா என்பது அடுத்த சோதனை.

வண்டியின் பின்னால் கட்டிப் படகை இழுக்கவும், குதிரைத்திறன் மட்டும் போதாது என்ற இதே கணக்குதான். ஈரச் சரிவில் கரையேற்றும்போது பின்சக்கரங்களின் மேல் போதிய எடை இல்லையென்றால், எஞ்சினுக்கு எவ்வளவு பலம் இருந்தாலும் டயர் வழுக்கும். இழுக்கும் பலத்தோடு நிறுத்தும் பலமும் வேண்டும். பிரேக்கையும் பாரம் ஏற்றியே சோதிக்க வேண்டும்.